பெட்டகத்தில் பூட்டப்பட்ட அலை: செக்கோஸ்லோவாக்கியப் புதிய சினிமாவின் ஏழு ஆண்டுகள்

'புதிய அலை' என்றதும் திரைப்பட ஆர்வலர்களின் நினைவில் முதலில் எழுவது பிரான்ஸ்தான். 1954இல் 'கையே து சினிமா' இதழில் பிரான்சுவா த்ரூஃபோ எழுதிய கட்டுரை, 1959 கான் விழாவில் திரையிடப்பட்ட அவரது 'நானூறு அடிகள்', 1960இல் வந்த கொதாரின் 'மூச்சுத்திணறல்' என்று அந்த வரலாற்றை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். ஆனால் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் அலை ஒரே ஒரு கரையில் மட்டும் எழவில்லை. இத்தாலியில் 1945இல் ரோசெல்லினியின் 'ரோம், திறந்த நகரம்', 1948இல் டி சிகாவின் 'சைக்கிள் திருடர்கள்' ஆகியவை வழியைத் திறந்துவிட்டன. போலந்தில் 1958இல் ஆந்த்ரே வாய்தாவின் 'சாம்பலும் வைரமும்' வந்தது. மேற்கு ஜெர்மனியில் 1962 பிப்ரவரியில் 26 இளைஞர்கள் ஓபர்ஹௌசன் நகரில் பழைய சினிமா இறந்துவிட்டதாக அறிக்கை வெளியிட்டனர். இவற்றுள் மிகக் குறுகிய காலமே நீடித்ததும் மிக அதிகமான விலை கொடுத்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் எழுந்த அலை என்பது என் எண்ணம்.

முதுகலை மாணவனாக இருந்த காலத்தில் ஒரு திரைப்படச் சங்கத்தின் சிறிய அரங்கில் யிரி மென்ஸலின் 'கவனமாகக் கண்காணிக்கப்படும் ரயில்கள்' படத்தைப் பார்த்தேன். படம் முடிந்து தேநீர்க் கடையில் நின்றபோது நாங்கள் மாணவர்கள் படத்தின் அங்கதத்தை வியந்து பேசிக்கொண்டிருந்தோம். உடனிருந்த மூத்த நண்பர் ஒருவர் இடைமறித்து, "அதெல்லாம் சரி தம்பி, இந்தப் படத்துக்குப் பணம் போட்டது யாரு?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. விடையைத் தேடத் தொடங்கியபோதுதான் இந்த அலையின் வரலாறு எனக்குப் புரியத் தொடங்கியது.

அரசின் கூடம்

பணம் போட்டது அரசு. 1945 ஆகஸ்டில், கம்யூனிஸ்டுகள் முழு அதிகாரத்தைக் கைப்பற்றுவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே, செக்கோஸ்லோவாக்கியத் திரைத்துறை முழுவதும் அரசுடைமையாக்கப்பட்டுவிட்டது. ப்ராக் நகரின் விளிம்பில் இருக்கும் பராண்டோவ் படப்பிடிப்புக் கூடம் அரசின் கைக்கு வந்தது. அதை 1930களின் தொடக்கத்தில் நிறுவியவர் மிலோஷ் ஹாவெல். பின்னாளில் அந்நாட்டின் குடியரசுத் தலைவரான நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெலின் பெரியப்பா, சித்தப்பா வரிசையில் வருபவர் அவர். ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மானியர்கள் அந்தக் கூடத்தைத் தங்கள் தேவைக்காக மேலும் விரிவாக்கியிருந்தனர். சிறிய நாடு ஒன்றுக்கு மிகப் பெரிய தொழில்நுட்ப வசதி இப்படித்தான் வாய்த்தது.

1946இல் ப்ராக் நகரில் ஃபாமு என்ற திரைப்படப் பள்ளி தொடங்கப்பட்டது. பின்னர் அலையாக எழுந்தவர்களில் பெரும்பாலோர் இந்தப் பள்ளியின் மாணவர்கள். மூத்த இயக்குநரான ஓடகார் வாவ்ராவின் வகுப்பில் மட்டும் வேரா கிதிலோவா, எவால்ட் ஷோர்ம், யிரி மென்ஸல், யான் ஷ்மிட் ஆகியோர் ஒன்றாகப் படித்தனர். உலக இலக்கியம் கற்பித்த ஆசிரியர்களில் ஒருவர் மிலன் குந்தேரா. பொதுமக்கள் பார்க்க முடியாத மேற்கத்தியப் படங்களை இந்த மாணவர்கள் பள்ளியின் திரையிடல்களில் பார்த்தனர். தணிக்கை மிகுந்த ஒரு நாட்டில், தணிக்கை செய்யும் அரசே நடத்திய பள்ளிக்குள் ஒரு சிறிய சாளரம் திறந்திருந்தது.

இந்த ஏற்பாட்டின் தன்மையை நாம் சற்றுக் கவனிக்க வேண்டும். பிரெஞ்சு இயக்குநர்கள் தங்கள் முதல் படத்துக்கு உறவினரிடமும் தயாரிப்பாளரிடமும் பணம் தேடி அலைந்தார்கள். படம் ஓடாவிட்டால் அடுத்த படம் இல்லை. ப்ராக் இயக்குநர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பராண்டோவில் படைப்புக் குழுக்கள் என்ற அமைப்பு இருந்தது. ஒவ்வொரு குழுவும் திரைக்கதைகளைத் தேர்ந்து, செம்மைப்படுத்தி, மேலிடத்தின் ஒப்புதலுக்கு அனுப்பும். ஒப்புதல் கிடைத்துவிட்டால் கருவிகளும் கலைஞர்களும் சம்பளமும் அரசுடையவை. வசூல் பற்றிய அச்சத்திலிருந்து அந்தக் கலைஞர்கள் விடுபட்டிருந்தார்கள். ஆனால் எடுத்து முடித்த படத்தின் மூலச்சுருள் அரசின் சொத்து. எப்போது வேண்டுமானாலும் அரசு அதை எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம்.

அது வெறும் கோட்பாடு அன்று. 1956இல் ஸ்டாலினைக் குருஷ்சேவ் விமர்சித்த பின் சற்றே தளர்ந்த பிடி, 1959இல் பான்ஸ்கா பிஸ்த்ரிட்ஸா நகரில் நடந்த திரைப்பட மாநாட்டில் மீண்டும் இறுகியது. பல படங்கள் அங்கே கண்டிக்கப்பட்டன. யான் காதார், எல்மார் க்ளோஸ் இரட்டையரின் 'மூன்று வரங்கள்' தடை செய்யப்பட்டது, இருவரும் பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டனர். அதே இருவர்தான் 1965இல் 'கடைவீதியில் ஒரு கடை' எடுத்து, நாட்டுக்கு முதல் ஆஸ்கர் விருதைப் பெற்றுத் தந்தார்கள்.

1963

1963ஆம் ஆண்டை இலக்கிய வாசகர்கள் வேறொரு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கலாம். அந்த ஆண்டு மே மாதம், ப்ராக் அருகே லிப்லிட்ஸே மாளிகையில் ஃபிரான்ஸ் காஃப்கா பற்றி ஒரு கருத்தரங்கு நடந்தது. அதுவரை நலிவுக் கலைஞர் என்று ஒதுக்கப்பட்டிருந்த காஃப்காவைப் பற்றி அவர் பிறந்த நாட்டிலேயே வெளிப்படையாகப் பேச முடிந்தது. அவர் எழுதிய அந்நியமாதல் சோசலிச நாட்டிலும் உண்டா என்ற கேள்வி அங்கே எழுந்தது.

அதே ஆண்டில் பாவெல் யுராச்செக்கும் யான் ஷ்மிட்டும் 'ஜோசப் கிலியான்' என்ற குறும்படத்தை எடுத்தனர். ஏறக்குறைய 40 நிமிடப் படம். ஒருவன் தெருவில் நடக்கும்போது பூனைகளை வாடகைக்கு விடும் அரசுக் கடை ஒன்றைப் பார்க்கிறான். ஒரு பூனையை வாடகைக்கு எடுக்கிறான். மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனால் கடையைக் காணோம். பையில் பூனையுடன் அலுவலகம் அலுவலகமாக அலைகிறான். யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திருப்பித் தர இயலாத ஒன்றுக்குப் பொறுப்பாளியாகிவிட்ட மனிதனின் திகைப்பை இதைவிட எளிமையாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஸ்லோவாக்கிய இயக்குநர் ஷ்டெஃபான் உஹெரின் 'வலையில் சூரியன்' ஏற்கெனவே பாதையைக் காட்டியிருந்தது. 1963இல் கிதிலோவாவின் 'வேறொன்று', யாரோமில் யிரெஷின் 'அலறல்', மிலோஷ் ஃபோர்மனின் 'கறுப்பு பீட்டர்' ஆகியவை அடுத்தடுத்து உருவாயின. ஃபோர்மனின் படத்தில் ஒரு பதின்வயதுப் பையனுக்கு மளிகைக் கடையில் வேலை கிடைக்கிறது. வேலை என்னவென்றால், வாடிக்கையாளர்கள் திருடுகிறார்களா என்று வேவு பார்ப்பது. அவனுக்கு அது கூச்சமாக இருக்கிறது. வீட்டில் தந்தை ஓயாமல் அறிவுரை சொல்கிறார். இறுதிக் காட்சியில் தந்தையின் பேச்சு பாதியிலேயே உறைந்து நிற்கிறது. சொல்வதற்கு அவரிடம் எதுவும் இல்லை என்பதைப் பார்வையாளன் புரிந்துகொள்கிறான். தொழில்முறை நடிகர் அல்லாதவர்களின் முகங்களையும் தடுமாற்றமான பேச்சையும் ஃபோர்மன் அப்படியே திரையில் வைத்தார். நாயகத் தொழிலாளியையும் நம்பிக்கை ததும்பும் இளைஞனையும் மட்டுமே பார்த்துப் பழகிய திரையில் இது பெரிய மாற்றம். 1964 லொகார்னோ விழாவில் அப்படம் முதல் பரிசு பெற்றது.

இலக்கியத்தின் தோழமை

பிரெஞ்சு அலை எழுத்தாளனின் ஆதிக்கத்திலிருந்து சினிமாவை விடுவிக்க முனைந்தது. த்ரூஃபோவின் புகழ்பெற்ற கட்டுரையின் தாக்குதலே நாவல்களைத் தழுவித் திரைக்கதை எழுதுவோர் மீதுதான். செக் அலை நேர்மாறாக இலக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இலக்கியப் படைப்பு அச்சில் வந்துவிட்டால், அதைப் படமாக்க ஒப்புதல் கேட்பது சற்று எளிது என்பது நடைமுறைக் காரணம். ஆழமான காரணம், பொஹுமில் ஹ்ராபல் போன்ற எழுத்தாளர்களிடம் இந்த இளைஞர்கள் கண்டடைந்த மொழி. மதுக்கடையில் கதையளக்கும் சாமானியனின் பேச்சில் ஹ்ராபல் வரலாற்றின் கோரத்தையும் வாழ்வின் களிப்பையும் ஒருசேரக் கொண்டு வந்தார். 1965இல் அவரது கதைகளை வைத்து மென்ஸல், நெமெச், ஷோர்ம், கிதிலோவா, யிரெஷ் ஐவரும் ஆளுக்கொரு பகுதியாக 'ஆழத்தின் முத்துகள்' படத்தை உருவாக்கினர். அலையின் குழுப்படம் என்று சொல்லத்தக்கது அது.

அடுத்த ஆண்டு, 28 வயதில், மென்ஸல் ஹ்ராபலின் குறுநாவலைப் படமாக்கினார். ஆக்கிரமிப்புக் காலத்துச் சிறிய ரயில் நிலையம். புதிதாகப் பணியில் சேர்ந்த மிலோஷ் என்ற இளைஞனின் பெருங்கவலை போரைப் பற்றியது அன்று. தான் ஆண்மகன்தானா என்பதே அவன் துயரம். தற்கொலைக்கும் முயல்கிறான். கடைசியில், அந்தக் கவலை தீர்ந்த மறுநாள், ஜெர்மானிய வெடிமருந்து ரயிலைத் தகர்க்கும் செயலில் உயிரிழக்கிறான். எதிர்ப்புப் போராட்டத்தை வீர காவியமாக மட்டுமே சொல்லவேண்டும் என்றிருந்த நாட்டில், வீரன் இப்படியும் இருக்கலாம் என்று மென்ஸல் சிரிக்கச் சொன்னார். 1968 ஏப்ரலில் அப்படம் நாட்டின் இரண்டாவது ஆஸ்கரைப் பெற்றது.

நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம்

1966இல் எடுக்கப்பட்ட இரண்டு படங்கள் அரசின் பொறுமையைச் சோதித்தன. இரண்டிலும் எஸ்தர் க்ரும்பாஹோவாவின் பங்களிப்பு முக்கியமானது. ஆடை வடிவமைப்பாளராக அறியப்பட்ட அவர் இரண்டின் திரைக்கதையிலும் பங்கேற்றார். அலையைப் பற்றிய பேச்சுகளில் அவர் பெயர் விடுபட்டுப் போவது நியாயமன்று.

முதலாவது கிதிலோவாவின் 'டெய்ஸி மலர்கள்'. உலகமே கெட்டுவிட்டது, நாமும் கெட்டுப்போவோம் என்று முடிவு செய்யும் இரண்டு பெண்கள். கிழவர்களை ஏமாற்றி உண்கிறார்கள், கத்தரிக்கிறார்கள், எரிக்கிறார்கள், கடைசியில் யாருக்காகவோ பரப்பி வைக்கப்பட்ட பெருவிருந்தில் ஏறி மிதிக்கிறார்கள். கிதிலோவாவின் கணவர் யாரோஸ்லாவ் குசேரா ஒளிப்பதிவில் வண்ணங்களை வைத்துச் செய்யாத சோதனை இல்லை. இரண்டாவது யான் நெமெச்சின் 'விருந்தும் விருந்தினரும்'. காட்டில் உண்டு களிக்கும் ஒரு நண்பர் கூட்டத்தைச் சிலர் வழிமறித்து மிரட்டுகிறார்கள். பின்னர் வெள்ளுடை அணிந்த விருந்தளிப்பவர் வந்து, எல்லாம் விளையாட்டு என்று சமாதானம் சொல்லி விருந்துக்கு அழைத்துப் போகிறார். எல்லோரும் சிரித்தபடி உட்கார்ந்துகொள்கிறார்கள். ஒருவர் மட்டும் எதுவும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். அவரைத் தேட நாய்கள் அவிழ்த்துவிடப்படுகின்றன. இருண்ட திரையில் குரைப்பொலியோடு படம் முடிகிறது. எழுந்து போகும் அந்த விருந்தினராக நடித்தவர் இயக்குநர் எவால்ட் ஷோர்ம்.

1967 மே மாதம் யாரோஸ்லாவ் ப்ருஷினெட்ஸ் என்ற உறுப்பினர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 21 உறுப்பினர்கள் சார்பில் இவ்விரு படங்களையும் தாக்கினார். உழவர்கள் பாடுபட்டு விளைவித்த உணவைப் படத்தில் வீணடித்துவிட்டார்கள், உழைக்கும் மக்களின் பணத்தில் இதை எடுக்க அனுமதித்தது யார் என்பது அவரது குற்றச்சாட்டின் சாரம். கிதிலோவா இதை முன்கூட்டியே அறிந்தவர்போல, மிதிபட்ட காய்கறிக்காக மட்டுமே கொதித்தெழுவோருக்குத் தன் படத்தைக் காணிக்கையாக்கியிருந்தார். அந்த உறுப்பினரை எளிதாகக் கேலி செய்துவிடலாம். ஆனால் அவர் கேட்டதும் என் மூத்த நண்பர் கேட்ட அதே கேள்விதான். மக்கள் பணத்தில் எடுக்கப்படும் கலை யாருக்குக் கடன்பட்டது? கலைஞனுக்குப் பணம் தருபவர் தயாரிப்பாளராயினும் அரசாயினும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கேட்பவர் கையில் பூட்டும் சாவியும் இருக்கும்போதுதான் அது ஆபத்தாகிறது.

இரண்டு மே மாதங்களுக்கு நடுவே

1967இல் ஃபோர்மன் 'தீயணைப்போரின் நடன விருந்து' படத்தை வ்ர்ஹ்லாபி என்ற சிற்றூரில், அவ்வூர்த் தீயணைப்பு வீரர்களையே நடிக்க வைத்து எடுத்தார். குலுக்கல் பரிசுப் பொருள்கள் ஒவ்வொன்றாகத் திருடு போகின்றன. எடுத்தவர்கள் திருப்பி வைக்கட்டும் என்று விளக்கை அணைக்கிறார்கள். விளக்கு எரியும்போது மிச்சமிருந்த பொருள்களும் காணவில்லை. தன் வீட்டார் எடுத்ததைத் திருப்பி வைக்க வந்த ஒரே ஒருவர் மட்டும் பிடிபடுகிறார். படத்தில் பணம் போட்டிருந்த இத்தாலியத் தயாரிப்பாளர் கார்லோ போந்தி அதிருப்தியுற்றுப் பணத்தைத் திரும்பக் கேட்டார். சந்தையின் தணிக்கையும் அரசின் தணிக்கையும் ஒரே படத்தில் சந்தித்துக்கொண்டன. வெளிநாட்டு உரிமையை வாங்கிக் காப்பாற்றியவர்கள் பிரான்சின் க்ளோத் பெரியும் த்ரூஃபோவும்.

1968 ஜனவரியில் துப்செக் கட்சித் தலைமைக்கு வந்தார். ப்ராக் வசந்தம் தொடங்கியது. மே மாதம் கான் போட்டிப் பிரிவில் ஃபோர்மன், நெமெச், மென்ஸல் மூவரின் படங்களும் இருந்தன. ஆனால் பாரிஸ் மாணவர் எழுச்சிக்கு ஆதரவாகக் கொதாரும் த்ரூஃபோவும் விழாவை நிறுத்தக் கோரினர். ஃபோர்மனும் தன் படத்தைப் போட்டியிலிருந்து விலக்கிக்கொண்டார். விழா பாதியில் முடிந்தது. ஒரு புதிய அலையின் கலகம் இன்னொரு புதிய அலையின் உச்ச தருணத்தை விழுங்கிவிட்டது. யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. வரலாறு சிலசமயம் நல்லவர்களை ஒருவர் பாதையில் மற்றவரைக் குறுக்கே நிறுத்திவிடுகிறது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 20 நள்ளிரவில் சோவியத் தலைமையிலான படைகள் எல்லையைத் தாண்டின. ப்ராக் நகரின் புதிய சுதந்திரத்தைப் பற்றி ஆவணப்படம் எடுத்துக்கொண்டிருந்த நெமெச், தெருவில் வந்து நின்ற டாங்குகளைப் படம்பிடித்தார். அந்தச் சுருளை வியன்னாவுக்குக் கொண்டு சேர்த்தார். உலகத் தொலைக்காட்சிகள் அதை ஒளிபரப்பின.

இருபது ஆண்டுகள்

படைகள் வந்த உடனே எல்லாம் நின்றுவிடவில்லை. ஒப்புதல் பெற்ற படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டன. 1969இல் வோய்ட்யேக் யாஸ்னி 'எங்கள் ஊர் நல்லவர்கள்' படத்துக்காகக் கானில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். குந்தேராவின் 'வேடிக்கை' நாவலை யிரெஷ் படமாக்கினார். மென்ஸல் மீண்டும் ஹ்ராபலிடம் போய் 'கயிற்றில் வானம்பாடிகள்' எடுத்தார். 1969 ஏப்ரலில் குஸ்டாவ் ஹுசாக் தலைமைக்கு வந்தபின் 'இயல்புநிலை திரும்புதல்' என்று பெயரிடப்பட்ட காலம் தொடங்கியது. பராண்டோவ் நிர்வாகம் மாற்றப்பட்டது. படைப்புக் குழுக்கள் கலைக்கப்பட்டன. படங்கள் பெட்டகத்துக்குள் போயின. செக் மொழியில் 'பெட்டகப் படங்கள்' என்றே ஒரு சொல் உருவாகிவிட்டது.

அந்தக் காலத்தின் துயரம் முழுவதையும் ஒரு மனிதரில் காணலாம். திரைக்கதை ஆசிரியர் யான் ப்ரோஹாஸ்கா, இயக்குநர் காரெல் காஹின்யாவுக்காக 'காது' என்ற படத்தை எழுதினார். ஒரு துணை அமைச்சரும் மனைவியும் அரசு விருந்திலிருந்து வீடு திரும்புகிறார்கள். வாயில் திறந்து கிடக்கிறது, மின்சாரம் இல்லை, தொலைபேசி இயங்கவில்லை. வீடெங்கும் ஒட்டுக்கேட்கும் கருவிகள் இருப்பதை உணர்கிறார்கள். இரவு முழுவதும் அச்சத்தில் ஒருவரை ஒருவர் கிழித்துக்கொள்கிறார்கள். காலையில் தொலைபேசி ஒலிக்கிறது. அவர் கைது செய்யப்படவில்லை, அமைச்சராக உயர்த்தப்பட்டிருக்கிறார். அதுதான் அவர்களை மேலும் அச்சுறுத்துகிறது. 1970இல் முடிந்த அப்படம் திரைக்கே வரவில்லை. அதே ஆண்டில், ப்ரோஹாஸ்கா நண்பரோடு தனிமையில் பேசியவற்றை ரகசியப் போலீஸ் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்திருந்தது அம்பலமானது. அம்பலப்படுத்தியது அரசேதான். அவரை இழிவுபடுத்த அந்த உரையாடலை ஒளிபரப்பினார்கள். 1971இல், 42ஆம் வயதில், அவர் நோயுற்று இறந்தார்.

மற்றவர்கள் ஆளுக்கொரு வழியில் சிதறினர். ஃபோர்மன், பாஸர், காதார், யாஸ்னி நாட்டைவிட்டு வெளியேறினர். நெமெச் 1974இல் வெளியேறினார். ஃபோர்மன் 1975இல் 'குக்கூவின் கூட்டுக்கு மேலே பறந்த ஒருவன்' படத்தால் அமெரிக்காவில் புகழின் உச்சியை அடைந்தார். மென்ஸல் தன் பழைய படங்களிலிருந்து விலகி நிற்கும் விதமாகப் பேசி, 1974இல் மீண்டும் படம் எடுக்கும் அனுமதி பெற்றார். கிதிலோவா வளைய மறுத்து, 1975இல் குடியரசுத் தலைவர் ஹுசாக்குக்கே கடிதம் எழுதித் தன் உரிமையைக் கேட்டார். அதன்பின் 'ஆப்பிள் விளையாட்டு' எடுக்க வழி பிறந்தது. யுராச்செக்குக்கு எந்தக் கதவும் திறக்கவில்லை. 'கலிவரின் பயணங்கள்' நாவலின் மூன்றாம் பகுதியை அடிப்படையாகக் கொண்டு அவர் 1969இல் எடுத்த படமே கடைசிப் படம். 'சாசனம் 77' ஆவணத்தில் கையெழுத்திட்டார். சில ஆண்டுகள் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பினார். 1989 மே மாதம் இறந்தார். வெல்வெட் புரட்சிக்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன. விருந்திலிருந்து எழுந்து போனவராக நடித்த ஷோர்ம் 1988 டிசம்பரில் இறந்திருந்தார்.

இவர்களில் யார் செய்தது சரி என்று வகுப்பில் மாணவர்கள் கேட்பதுண்டு. மென்ஸலைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அவர் நாட்டிலேயே தங்கி எடுத்த 'என் இனிய சிற்றூர்' போன்ற படங்கள் அம்மக்களுக்கு அந்த இருண்ட ஆண்டுகளில் கிடைத்த சிரிப்பு. யுராச்செக்கின் இருபது ஆண்டு மௌனத்தையும் தோல்வி என்று சொல்ல முடியாது. இந்தத் தராசை நம் கையில் எடுக்காமலிருப்பதே நல்லது.

1990 பிப்ரவரியில் 'கயிற்றில் வானம்பாடிகள்' பெர்லின் விழாவில் தங்கக் கரடி விருதைப் பகிர்ந்துகொண்டது. மே மாதம் 'காது' கான் போட்டியில் திரையிடப்பட்டது. இருபது ஆண்டுப் பழைய படங்கள் புத்தம் புதிய படங்களாகப் பார்க்கப்பட்டன. அரசு அவற்றைப் பூட்டி வைத்ததே தவிர எரித்துவிடவில்லை. சொத்துப் பதிவேட்டில் ஏறிய பொருளை அழிக்க அதிகாரிகளுக்குத் துணிவு வரவில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. எந்த உடைமை உரிமை அந்தப் படங்களைச் சிறையிட்டதோ அதே உரிமை அவற்றைக் காத்தும் வைத்தது. படங்கள் காத்திருக்கலாம், மனிதர்களால் முடியவில்லை.

கிதிலோவா 2014இலும் நெமெச் 2016இலும் ஃபோர்மன் 2018இலும் மென்ஸல் 2020இலும் மறைந்தனர். அவர்களுடைய படங்களில் பெரும்பாலானவை செப்பனிடப்பட்ட பிரதிகளாக இன்று கிடைக்கின்றன. புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் முதலில் 'ஜோசப் கிலியான்' பார்க்கலாம். ஒரு பிற்பகலில் நாற்பது நிமிடம் போதும். அதைப் பார்த்த மறுநாள் 'காது' பார்த்தால், பையில் பூனையோடு அலைந்த அந்த மனிதன் ஏழு ஆண்டுகளில் எந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தான் என்பது விளங்கும்.